ஹவாய்க் கடலில் மூச்சடக்கி ஈட்டி மீன்பிடி: எதை அடிக்கலாம், எதை விடணும்?

#1 லாவாக்கரை

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக ஹவாயின் பெரிய தீவில், கோனா பக்கம் குடிவந்திருக்கிறேன். கரை முழுக்கக் கறுத்த எரிமலைப் பாறை. இறங்கிக் கொஞ்ச தூரம் நீந்தினாலே ஆழம் தொடங்கிவிடுகிறது, தண்ணீரும் அவ்வளவு தெளிவு. சனி ஞாயிறு வந்தால் அக்கம்பக்கத்து ஆட்கள் மூன்று முனை ஈட்டியும் மிதவையுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். காற்றுச் சிலிண்டர் கிடையாது. ஒரே மூச்சில் இறங்கி, அடித்துக்கொண்டு மேலே வருவதுதான்.

எனக்கும் பழக ஆசை. நீச்சல் நன்றாக வரும், ஸ்நார்கல் மூச்சுக்குழாயோடு ஏழெட்டு மீட்டர் இறங்குவேன். எந்த ஈட்டியில் ஆரம்பிப்பது? எந்த மீனை அடிக்கலாம், எதைத் தொடவே கூடாது? முதலில் கரையோரமாகத் தனியே போய்ப் பழகிக்கொள்ளலாமா? வீட்டுக் குழம்புக்கு ஆகிற அளவு கிடைத்தால் போதும். போட்டி, பரிசு என்றெல்லாம் எண்ணம் இல்லை.

#2 மௌயிக்கரையாள்

வாங்க தம்பி. நான் பக்கத்து மௌயித் தீவில் பல வருஷமாக இருக்கிறேன், இதே வேலையாகத்தான் கடலில் இறங்குவேன்.

மூன்று முனைக் கம்பு ஈட்டியிலேயே ஆரம்பியுங்கள். பின்னால் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதைப் பெருவிரலில் மாட்டி, கம்பை முன்னால் இழுத்துப் பிடித்து, விட்டால் பாயும். எட்டும் தூரம் ரொம்பக் குறைவு. அதனால் மீனுக்குப் பக்கத்தில் போகத் தெரிந்தாகணும், அது என்ன மீன், எந்தப் பருவம், எவ்வளவு நீளம் என்று பார்த்த பிறகுதான் விடுவீர்கள். ஈட்டித் துப்பாக்கி எடுத்த எடுப்பிலேயே கையில் கிடைத்துவிட்டால் தூரத்தில் அசைகிற எதையும் அடிக்கத் தோன்றும். அப்புறம் துப்பாக்கிக்குப் போனாலும் தண்ணீரில் இறங்கிய பின்தான் ரப்பரைப் பூட்டணும், படகில் ஏறுவதற்கு முன்னால் அவிழ்த்துவிடணும்.

இப்போது மீன். ஹவாயில் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அடித்தால் யாரும் வருத்தப்படாத மீன்கள் இங்கே மூன்று உண்டு. ரோய், தோஆவு, தாஆபே. மூன்றுமே இந்த ஊர் மீன் இல்லை. ஹவாய்க் கரையோரத்தில் ஆழமில்லாத இடத்தில் வாழும் களவா, செப்பிலி வகைகள் இயல்பிலேயே மிகக் குறைவு. மீனவர்களுக்கு நல்லது என்று நினைத்து அரசே 1950களில் பிரெஞ்சு பாலினேசியாவிலிருந்து கொண்டுவந்து விட்டது. ரோயும் தோஆவும் 1956இல் மூரியா தீவிலிருந்து வந்தவை. தாஆபே 1958இல் மார்க்கேசாஸ் தீவுகளிலிருந்து. மூன்றும் தீவுக்கூட்டம் முழுக்கப் பரவிவிட்டன.

ரோய் நம்ம களவா இனம். அடர் பழுப்பு உடம்பில் நீலப் புள்ளிகள், பாறை இடுக்கிலேயே இருக்கும், இங்குள்ள குட்டி மீன்களைத் தின்னும். தாஆபே செப்பிலி இனம், மஞ்சள் உடம்பில் நீலக் கோடுகள், கூட்டமாகத் திரியும். தோஆவும் செப்பிலிதான், வால் கறுப்பு. ஆனால் ரோயை அடித்து நேராகச் சட்டியில் போட்டுவிடாதீர்கள். அதற்கு ஒரு பெரிய காரணம் இருக்கிறது, இங்கே மருத்துவர் ஒருவர் உண்டு, அவர் வந்து சொல்லட்டும்.

தொடக் கூடாததில் முதலாவது உஹு, கிளிமீன். சட்டம் கொஞ்சம் அனுமதிக்கிறது, ஆனால் பழகும் காலத்தில் வேண்டாம். கிளிமீன் பெரும்பாலும் பெண்ணாக, சிவப்பு அல்லது பழுப்பு நிறத்தில் வளரும். பிறகு சில மட்டும் ஆணாக மாறி நீலமும் பச்சையுமாக ஜொலிக்கும். கண்ணை இழுப்பது அந்த நீல மீன்தான். பல பெண் மீன்களுக்கு அந்த ஓர் ஆண். அதை எடுத்தால் அந்தப் பாறையின் இனப்பெருக்கமே குலைகிறது. மௌயியில் 2014லேயே விதி போட்டுவிட்டார்கள்: ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டு உஹுவுக்கு மேல் எடுக்கக் கூடாது, பெரிய இனங்களின் நீல ஆணைத் தொடவே கூடாது.

பாறையில் படரும் பாசியைக் கொறித்துத் தின்பது கிளிமீனின் வேலை. பாசி மூடினால் பவளக் குஞ்சு ஒட்ட இடமில்லை. பாறையையும் சேர்த்துக் கடித்து அரைத்து மணலாகக் கழிக்கிறது. ஒரு பெரிய மீன் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் போடும். நீங்கள் காலாற நடக்கும் வெள்ளை மணலில் நிறையப் பங்கு அது போட்டதுதான்.

கடல் ஆமையைத் தொடக் கூடாது. சிங்கி இறாலையும் நண்டையும் ஈட்டியால் குத்தக் கூடாது. பேய்க்கணவாய் ஒரு பவுண்டுக்குக் குறைந்தால் எடுக்கக் கூடாது. மற்ற மீனுக்கெல்லாம் இனத்துக்கு ஓர் அளவு உண்டு. மாநில நீர்வளப் பிரிவு அட்டவணை போட்டிருக்கிறது, விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், போகும் முன்னால் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

#3 நீலமூச்சு

லாவாக்கரை, உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: தனியே கூடாது. கரையோரமானாலும், ஏழு மீட்டரானாலும்.

நான் மூச்சடக்கி முக்குளிக்கக் கற்றுக்கொடுக்கிறவன். அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே முடிவெடுங்கள்.

பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு, இருபதில் மூன்று மடங்கு. நுரையீரல் சுருங்குகிறது, உள்ளே இருக்கும் காற்று நெருக்கப்படுகிறது. அதனால் ஆழத்தில் இருக்கும்வரை ரத்தத்துக்கு ஆக்சிஜன் தாராளமாக ஏறுகிறது. இருபது மீட்டரில் நுரையீரலில் ஆக்சிஜன் 5 சதவீதமாகக் குறைந்திருந்தாலும், மூன்று மடங்கு அழுத்தத்தில் அது மேலே 15 சதவீதம் இருப்பதற்குச் சமம். ஆள் தெளிவாகவே இருப்பார், இன்னும் நேரம் இருக்கிறது என்றே தோன்றும். மேலே வர வர அழுத்தம் குறைகிறது. மேல்மட்டத்துக்கு வந்ததும் அது வெறும் 5 சதவீதம்தான். மூளை அணைந்துவிடும்.

அதனால்தான் மயக்கம் பெரும்பாலும் கடைசிப் பத்து மீட்டருக்குள், அல்லது தலை வெளியே வந்து மூச்சு விட்ட பிறகு வருகிறது. முன்னறிவிப்பு கிடையாது. வலி இருக்காது, பயம் வராது. பக்கத்தில் ஆள் இருந்தால் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, மாஸ்க்கைக் கழற்றி, கன்னத்தைத் தட்டி, கண்ணருகே ஊதி, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே பலருக்கு மூச்சு திரும்பிவிடும். திரும்பாவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதணும். ஆள் இல்லாவிட்டால் இடுப்பளவு தண்ணீரும் போதும் சாக.

ஈட்டிக்காரர்களுக்கு ஆபத்து கூடுதல். வெறுமனே முக்குளிக்கிறவருக்கு மூச்சு முட்டினால் மேலே வருவார். ஈட்டிக்காரருக்குக் கீழே ஒரு மீன் இருக்கிறது. அது பாறைக்குள் புகுந்துவிட்டால் ஈட்டியை இழுத்துப் பார்க்கலாம் என்று பத்து விநாடி கூடுதலாக நிற்பார். அந்தப் பத்து விநாடிதான்.

#4 ஆத்துமேடு

பயமுறுத்துகிறீர்களே. நாங்களெல்லாம் சின்ன வயதில் கிணற்றில் குதித்து அடி மண்ணை எடுத்து வந்தவர்கள்தானே? இறங்கும் முன் வேகவேகமாகப் பத்துப் பதினைந்து தடவை மூச்சை இழுத்து விட்டால் நன்றாகத் தாக்குப்பிடிக்கலாம். அந்த வித்தை தெரிந்தால் போதுமே.

#5 நீலமூச்சு

> *ஆத்துமேடு எழுதியது:* வேகவேகமாகப் பத்துப் பதினைந்து தடவை மூச்சை இழுத்து விட்டால்

ஐயா, தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

மூச்சு விடணும் என்ற தவிப்பு ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை. கரியமிலவாயு சேர்வதால் வருகிறது. வேகமாக மூச்சு விட்டால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது, ஏற்கெனவே ரத்தத்தில் கிட்டத்தட்ட நிறைந்துதான் இருக்கிறது. கரியமிலவாயு மட்டும் வெளியேறிவிடும். அதனால் தவிப்பு தாமதமாக வரும், "நன்றாகத் தாக்குப்பிடிக்கிறேன்" என்று தோன்றும். ஆக்சிஜன் மட்டும் எப்போதும் போலக் குறைந்துகொண்டே இருக்கும். தவிப்பு வருவதற்குள் மயக்கம் வந்துவிடும். கிணற்றிலும் நீச்சல் குளத்திலும் நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகள் மூழ்கிப்போவதற்கு இது ஒரு காரணம்.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். மிதவையைப் பிடித்துக்கொண்டு அமைதியாக, வயிற்றால், சாதாரணமாக மூச்சு விடுங்கள். கடைசியாக ஒரு முழு மூச்சு. இறங்கும்போது ஸ்நார்கலை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். கீழே இருந்த நேரத்தைப் போல இரண்டு மடங்காவது மேலே ஓய்வு.

ஈய பெல்ட்டில் எடை குறைவாகவே போடுங்கள். பத்து மீட்டர் ஆழத்தில் மூழ்காமல் மிதக்காமல் நிற்கணும், மேலே மூச்சை முழுக்க விட்ட பிறகும் மிதக்கணும். சீக்கிரம் இறங்கலாம் என்று எடையைக் கூட்டினால் மயங்கியவர் அடிக்குப் போய்விடுவார்.

இருவர் போனால் ஒருவர் கீழே, ஒருவர் மேலே. இருவரும் சேர்ந்து இறங்கினால் அது துணை ஆகாது. மேலே இருப்பவர் மீன் பார்க்கக் கூடாது, ஆளைத்தான் பார்க்கணும். மேலே வந்த பிறகும் அரை நிமிஷம் கண்ணை எடுக்கக் கூடாது.

#6 குளிகாரன்பேரன்

நீலமூச்சு அண்ணா சொன்ன ஒருவர் கீழே ஒருவர் மேலே எங்கள் பக்கத்துப் பழைய முறை. தூத்துக்குடிக்காரன் நான். தாத்தா 1961 முத்துக்குளிப்பில் இருந்தவர். மன்னார் வளைகுடாவில் நம் பக்கம் நடந்த கடைசிக் குளிப்பு அது. ஒரு குளிகல்லுக்கு இரண்டு குளிகாரர். ஒருவர் கல்லோடு இறங்குவார், மற்றவர் படகோரம் ஓய்வில் இருப்பார், மாறி மாறி. கயிறு பிடிக்க மேலே தனி ஆள். உயிர் அந்தக் கயிற்றில் இருப்பதால் மச்சான்தான் பிடிக்கணும் என்று ஊரில் சொல்வார்கள்.

பசிபிக்கில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. பிரெஞ்சு பாலினேசியாவின் துவாமோத்து பவளத்தீவுகளில் முத்துச்சிப்பி எடுத்தவர்கள் முப்பது நாற்பது மீட்டர் ஆழம் இறங்கி, சில நிமிஷமே ஓய்வெடுத்து, மறுபடி இறங்கி, மணிக்கணக்காக அப்படியே செய்வார்கள். சாயங்காலம் சிலருக்குத் தலை சுற்றும், கை கால் இழுத்துக்கொள்ளும், சிலருக்குப் புத்தி பேதலிக்கும், சிலர் செத்தும் போனார்கள். தாரவனா என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். திரும்பத் திரும்ப ஆழம் போவதால் உடம்பில் நைட்ரஜன் சேர்ந்து வருவது அது. சிலிண்டர் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் அந்த வியாதி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அதே நாட்டில் மங்காரேவா தீவுக்காரர்கள் ஒவ்வொரு இறக்கத்துக்கும் நடுவே பன்னிரண்டு பதினைந்து நிமிஷம் ஓய்வெடுப்பார்கள். அவர்களுக்கு அது வரவில்லை.

லாவாக்கரை இப்போதைக்கு அவ்வளவு ஆழம் போகப்போவதில்லை. ஆனாலும் ஓய்வைக் குறைத்து மீன் எண்ணிக்கையைக் கூட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சொல்கிறேன்.

#7 மட்டுநகர்ச் சுழியோடி

நான் இந்த இழையில் எதிர்ப்பக்கம் கதைக்க வந்திருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்கு அடியில் கூட்டிக்கொண்டு போவது என் தொழில். இலங்கையில் ஈட்டியால் மீன் பிடிப்பது சட்டப்படி தடை. மாலத்தீவிலும் தடை. அந்தத் தடை சரியானது என்றுதான் நான் நினைக்கிறேன்.

வலை கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கும் என்று எல்லோரும் குறை சொல்வார்கள். ஈட்டிக்காரன் கண்ணைத் திறந்து கொண்டு ஆகப் பெரியதை எடுக்கிறான். பாரில் (கடலடிப் பாறையில்) இருக்கிற பெரிய களவா, பெரிய கிளிமீன், இவைதான் முதலில் போகும். களவாவிலும் பெரும்பாலும் பெண்ணாய்ப் பிறந்து பெரிதானபின் ஆணாக மாறுகிற இனங்கள்தான். பெரிசுகளை எடுத்துக்கொண்டே போனால் ஆண்களே மிஞ்சாது. மிஞ்சுகிற மீனும் மனிதனைக் கண்டால் ஓடும். வேட்டை நடக்கிற பாரில் மீன் எவ்வளவு தூரத்திலேயே திரும்பிவிடும் என்று சுழியோடிகளுக்குத் தெரியும். திருகோணமலைப் பக்கத்துப் புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே சனம் மீன் பார்க்கத்தான் வருகுது. ஒரு களவாவை ஒருவன் ஒரு தடவை தின்னலாம். அதே களவாவை எத்தனையோ பேர் எத்தனையோ தடவை பார்க்கலாம். அந்தப் பார்வையில் எங்கள் வீடுகளில் அடுப்பு எரியுது.

இரவு வேட்டையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. கிளிமீன் இரவில் தூங்கும். சில இனம் சளியால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். டோர்ச் அடித்துக் குத்துவது வேட்டையா? ஃபிஜியிலும் சொலமன் தீவுகளிலும் நெற்றி புடைத்த அந்தப் பெரிய கிளிமீன் ஆழமில்லாத இடத்தில் கூட்டமாகத் தூங்கும். இரவு ஈட்டியால் பல இடங்களில் அதை ஏறக்குறைய துடைத்து எடுத்துவிட்டார்கள்.

#8 மௌயிக்கரையாள்

> *மட்டுநகர்ச் சுழியோடி எழுதியது:* டோர்ச் அடித்துக் குத்துவது வேட்டையா?

இல்லை. இதில் உங்களோடு முழுக்க நிற்கிறேன் தம்பி. என் குழுவில் யாரும் இரவில் இறங்குவதில்லை.

ஆனால் நீங்கள் சொன்ன சேதத்தையெல்லாம் ஒருமுறை திரும்பப் பாருங்கள். அதில் பெரும்பங்கு இரவு விளக்காலும் காற்றுச் சிலிண்டராலும் வந்தது. மூச்சடக்கி இறங்குகிறவனுக்குக் கீழே ஒரு நிமிஷம், ரொம்பப் பழகியவனுக்கு இரண்டு. அவன் எட்டாத ஆழத்தில் மீன் தங்கிப் பெருகும். அவன் களைத்துப்போனால் வேட்டை முடியும். கடல் கலங்கினால், நீரோட்டம் இழுத்தால், அன்றைக்கு ஒன்றுமில்லை. நம்முடைய மூச்சுதான் மீனுக்குக் கிடைத்திருக்கும் பாதுகாப்பு. சிலிண்டரை மாட்டியதும் அது போய்விட்டது. முப்பது மீட்டரில் நிமிஷக்கணக்காக உட்கார்ந்து பாறை பாறையாகத் துழாவலாம். விளக்கு வந்ததும் மீனுக்கு இருந்த இரவும் போய்விட்டது.

இதைத் தீவுக்காரர்களே கண்டுகொண்டார்கள். அமெரிக்க சமோவா 2001இல் சிலிண்டரோடு ஈட்டி பிடிப்பதைத் தடை செய்தது. லாவாக்கரை இருக்கும் மேற்கு ஹவாய்க் கரையில் 2013இல் தடை வந்தது. குவாம் 2020இல் செய்தது. மூன்று இடத்திலும் மூச்சடக்கிப் பிடிப்பதை விட்டுவைத்தார்கள்.

பாறைக்கே ஓய்வு கொடுப்பதும் நடக்கிறது. மௌயியில் கஹெகிலி கடற்கரையில் 2009லிருந்து பாசி தின்னும் மீன்களை எந்தக் கருவியாலும் எடுக்கக் கூடாது, மற்ற மீனைப் பிடிக்கலாம். கவாயித் தீவில் ஹாஎனா ஊர்மக்கள் தங்கள் கரைக்குத் தாங்களே விதி எழுதி, 2015இல் அரசையும் ஏற்க வைத்தார்கள். கோனாவுக்கு வடக்கே கஊபூலேஹுவில் 2016இல் பத்து வருஷ ஓய்வு அறிவித்தார்கள். அங்கே ஊர்க்காரர்களே முன்னின்று கேட்டு வாங்கியது அது. முற்காலத்தில் தலைவர்கள் ஒரு மீனுக்கோ ஒரு கரைக்கோ காலம் பார்த்து விலக்கு போடுவார்கள், மீறினால் தண்டனை கடுமை. இப்போது நடப்பது அதன் தொடர்ச்சிதான் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள்.

வலையில் கழிவு உண்டு, தூண்டிலில் வேண்டாத மீன் மாட்டும். ஈட்டியில் நான் பார்க்காத ஒரு மீனும் சாகாது. பொறுப்பு முழுக்க என் கண்ணில் இருக்கிறது. அதனால்தான் புதிதாக வருகிறவர்களுக்கு மீனை அடையாளம் காண்பதை முதலில் சொல்லிக்கொடுக்கணும் என்று அடித்துச் சொல்கிறேன்.

#9 மட்டுநகர்ச் சுழியோடி

அக்கா, ஹவாயில் விதி போட ஆள் இருக்கு, பார்க்க ஆள் இருக்கு, கூட்டம் போட்டுக் கேட்கிற ஊரும் இருக்கு. அங்கே நீங்கள் சொல்வது சரி. எங்கள் கரையில் ஒரு ஈட்டிக்கு அனுமதி கொடுத்தால் அது எத்தனை ஈட்டியாகும், இரவில் எத்தனை டோர்ச் இறங்கும் என்று எனக்குத் தெரியும். இங்கே தடை இருக்கட்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் மூச்சைப் பற்றி நீங்கள் எழுதியது என் மனதில் நின்றுவிட்டது.

#10 மருந்துப்பெட்டி

தாமதமாக வருகிறேன். ரோய் பற்றிக் கேட்டிருந்தார்கள். அதைத் தின்றால் வரக்கூடிய நஞ்சு நோயின் பெயர் சிகுவாட்டெரா.

வெப்பக்கடல் பவளப்பாறைகளில், குறிப்பாகப் பாசியின் மேல், கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர் ஒட்டி வாழ்கிறது. அது நஞ்சு செய்கிறது. பாசி தின்னும் மீன் அதையும் விழுங்கும், அந்த மீனைத் தின்னும் பெரிய மீனில் நஞ்சு சேரும். களவா, பெரிய பாரை மீன், சீலா, அஞ்சாலை இவற்றில்தான் அதிகம் சேர்கிறது. மீனுக்கு ஒன்றும் ஆகாது. பார்த்தால் தெரியாது, மணம் மாறாது, ருசி மாறாது. வேகவைத்தாலும் பொரித்தாலும் உறைய வைத்தாலும் கருவாடு போட்டாலும் போகாது. புளியும் மஞ்சளும் ஒன்றும் செய்யாது.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, பேதி. அப்புறம் உதடு, நாக்கு, விரல் நுனி மரத்துப்போகும். இதயத் துடிப்பு குறையலாம். இந்த நோய்க்கே உரிய அடையாளம் ஒன்று உண்டு: குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் சுடுவது போல எரியும். வயிற்றுக் கோளாறு ஓரிரு நாளில் நின்றுவிடும். மரத்துப்போவதும் அரிப்பும் களைப்பும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். மாற்று மருந்து கிடையாது, அறிகுறிகளுக்குத்தான் சிகிச்சை. குணமான பிறகும் மது குடித்தால், மறுபடி மீன் சாப்பிட்டால், சிலருக்குக் கொட்டை வகைகளால் கூட, அறிகுறி திரும்பி வரும்.

ஹவாயில் இந்த நோயைக் கொடுக்கும் மீன்களில் ரோய் முக்கியமானது. சின்ன ரோயில் இருக்காது என்று சிலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். ஈ உட்காருகிறதா, பூனை தின்கிறதா, வெள்ளிக்காசு கறுக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் பயன்படாது. எந்த மீனானாலும் தலை, ஈரல், குடல், முட்டையைச் சாப்பிடாதீர்கள், நஞ்சு அங்கேதான் செறிவாக இருக்கும். நம் ஆட்களுக்கு மீன் தலை என்றால் உயிர். பவளப்பாறையில் அடித்த மீனுக்கு அந்த ஆசை வேண்டாம்.

#11 லாவாக்கரை

மருத்துவர் ஐயா, நன்றி. அப்படியானால் ரோயை அடித்து என்ன செய்வது? தின்ன முடியாத மீனைக் கொல்ல எனக்கு மனது வரவில்லை.

#12 மௌயிக்கரையாள்

அந்தத் தயக்கம் நல்லதுதான். இங்கே ரோயை மட்டும் அடிக்கும் போட்டிகள் நடத்துகிறார்கள். பிடித்ததை உரமாக்குவார்கள், தென்னைக்கும் வாழைக்கும் போகும். ஒரே பாறையில் விடாமல் எடுத்தால் ரோயின் எண்ணிக்கை குறைகிறது, பக்கத்திலிருந்து மெதுவாகத்தான் திரும்பி வருகிறது. அதனால் இந்த ஊர் மீன் பெருகிவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். பாறை கெடுவதற்கு மண் அரிப்பும் கழிவுநீரும் கடல் சூடாவதும் ரோயைவிடப் பெரிய காரணங்கள். 2015இல் கோனாப் பக்கம் பவளம் வெளுத்துச் செத்ததே, அதை ஈட்டியால் தடுக்க முடியாது.

உங்களுக்கு ரோய் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தாஆபேயை அடியுங்கள். கூட்டமாக வரும், தின்னலாம்.

#13 நங்கூரவாழ்க்கை

கப்பலில் வேலை, பஹாமாஸ் பக்கம் அடிக்கடி ஒதுங்குவோம். அந்த நாட்டில் விசையுள்ள ஈட்டித் துப்பாக்கியே சட்டவிரோதம். கம்பு ஈட்டியும், கையால் இழுத்து விடும் ஹவாய்க் கவண் ஈட்டியும்தான். சிலிண்டரும் கூடாது. எல்லை மூச்சுதான் என்று அக்கா சொன்னதை அங்கே சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

ரோய் மாதிரி அங்கே சிங்கமீன். இந்தியப் பெருங்கடல், பசிபிக் பக்கத்து மீன், அட்லாண்டிக்கில் அதை அடக்க இயற்கையாக எதுவும் இல்லை. தூண்டிலைச் சீண்டாது, அதனால் ஈட்டிதான் வழி. முள்ளில் விஷம், சதையில் இல்லை, முள்ளை வெட்டிவிட்டால் அருமையான மீன். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருக்கணும், வலி இறங்கும். நாசோ களவாவுக்கு அங்கே டிசம்பரிலிருந்து பிப்ரவரி கடைசிவரை தடைக்காலம், அந்தக் களவா முட்டையிடக் கூடும் மாதங்கள் அவை.

#14 ஆத்துமேடு

நீலமூச்சு சார், நீங்கள் எழுதியதை என் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். ஒரு சந்தேகம். சுறா?

#15 மௌயிக்கரையாள்

இருக்கும். ஹவாயில் கவனிக்க வேண்டியது புலிச்சுறா. மற்றவை பெரும்பாலும் மீனைத்தான் கேட்கும், ஆளை அல்ல.

அடித்த மீனை இடுப்பில் கட்டாதீர்கள். இருபது முப்பது மீட்டர் கயிற்றில் மிதவை பின்னால் வரட்டும், மீன் அங்கே தொங்கட்டும். மீனை உடனே கொன்றுவிடுங்கள். கண்ணுக்குப் பின்னால், சற்று மேலே, கத்தியை மூளைக்குள் செலுத்தினால் ஒரு நொடியில் முடிந்துவிடும். துடிப்புதான் சுறாவை இழுக்கிறது. மீனும் வதைபடாது, இறைச்சியும் நன்றாக இருக்கும். சுறா வந்து மீனைக் கேட்டால் கொடுத்துவிட்டு, முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே வெளியேறுங்கள். ஆற்று முகத்துவாரத்திலும், மழை பெய்து கலங்கிய தண்ணீரிலும், விடியலிலும் அந்தியிலும் இறங்காதீர்கள்.

மிதவையில் சிவப்பில் வெள்ளைப் பட்டை போட்ட கொடி கட்டாயம். சுறாவைவிடப் படகுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

பெரிய பாரை மீன், இங்கே உலுவா என்பார்கள், மாட்டினால் ஆளையே இழுத்துக்கொண்டு ஓடும். ஈட்டியை விட்டுவிடுங்கள், மிதவை பார்த்துக்கொள்ளும்.

#16 குளிகாரன்பேரன்

காது பற்றி யாரும் சொல்லவில்லையே. இறங்கத் தொடங்கியதிலிருந்து, வலி வருவதற்கு முன்பே, மூக்கைப் பிடித்துக் காதைச் சமப்படுத்திக்கொண்டே போகணும். அடைத்தால் அத்தோடு திரும்பிவிடணும். சளி பிடித்த நாளில் இறங்கக் கூடாது. செவிப்பறை கிழிந்து உள்ளே தண்ணீர் போனால் தலை சுற்றி மேல் எது கீழ் எது என்றே தெரியாது. நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் என்று பார்த்து அதை எதிர்த்துப் போகத் தொடங்குங்கள், திரும்பும்போது அது உங்களைக் கொண்டுவந்து விடும்.

#17 லாவாக்கரை

எல்லோருக்கும் நன்றி. முதலில் மூச்சடக்கும் பயிற்சி வகுப்பில் சேர்கிறேன். மயங்கியவரை மீட்பது அதிலேயே சொல்லித்தருவார்களாம். அந்த வகுப்பு முடிந்த பிறகுதான் ஈட்டி. பக்கத்து வீட்டுப் பெரியவர் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் ரோய் பற்றியும் உஹு பற்றியும் கேட்டேன். மௌயி அக்கா எழுதியதையே சொன்னார். முதல் தடவை ஈட்டி இல்லாமல் வா, மீனைப் பார்த்துப் பெயர் சொல்லப் பழகு என்றார்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். மீனுக்குப் பக்கத்தில் போவது எப்படி? நான் இறங்கியதுமே எல்லாம் ஓடிவிடுகின்றன.

#18 மௌயிக்கரையாள்

துரத்தாதீர்கள். துரத்தினால் ஒரு மீனும் நிற்காது.

மேலேயே மீனைப் பார்த்து, அதற்கு நேர் மேலே போகாமல் சற்றுத் தள்ளி இறங்குங்கள். அடியில் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுங்கள். மீனை நேராக முறைத்துப் பார்க்காதீர்கள், தலையைத் தாழ்த்தி ஓரக்கண்ணால் பாருங்கள். கொஞ்சம் மணலை அள்ளித் தூவுங்கள். உலுவாவும், செப்பிலி இனத்து உகுவும் என்ன அது என்று பார்க்கத் தானாக வரும். தொண்டைக்குள் மெல்ல உறுமினாலும் சில வரும். வராவிட்டால் மேலே வந்துவிடுங்கள். இன்னும் ஐந்து விநாடி இருந்தால் வந்துவிடும் என்று தோன்றும்போதுதான் கட்டாயம் மேலே வரணும்.

பெரியவர் சொன்னபடி முதலில் வெறும் கையோடு போங்கள். ஈட்டி இல்லாதபோது மீன் எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

#19 குளிகாரன்பேரன்

தாஆபே கிடைத்தால் குடலை எடுத்துக் கழுவி, உடனே ஐஸில் வையுங்கள் தம்பி. செப்பிலி இனம், செதில் கெட்டி, நன்றாகச் சுரண்டணும். ஒரு சாண் மீனுக்குப் பொரிப்பதுதான் சரி, இரண்டு பக்கமும் கீறி மிளகாய், மிளகு, உப்பு. கொஞ்சம் பெரிதாக இருந்தால் குழம்பு வைக்கலாம். அங்கே புளி கிடைக்கிறதா?

#20 லாவாக்கரை

கிடைக்கிறது அண்ணா. இங்கே புளிய மரமே இருக்கிறது. முதல் தாஆபே கிடைத்ததும் படம் போடுகிறேன். மருத்துவர் ஐயா சொன்னபடி தலையை வெட்டிவிட்டுத்தான்.